உன் பாட்டை நான் நிறுத்தினேன்

இன்று காலை மகளுக்குக் காய்ச்சல். இடது காதைப் பிடித்துப் பிடித்து இழுத்து அழுதாள். வைத்தியர் நிலையத்துக்கு போன் எடுத்தேன். வழக்கம்போல ஒரு பெண்குரல் நான் வரிசையில் நிற்பதாக நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு காத்திருக்கிறவர்களுக்கான இசை. ஒரு கையில் போன், மற்றக் கையில் கொதிக்கிற பிள்ளை. இசையை யார் கவனித்தது. கொஞ்ச நேரம் போன பின்தான் என் கால் தாளம் தட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. உன் பாட்டு.

பாட்டென்று சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. குரல் இல்லை, பியானோ இல்லை. குழல் மாதிரி ஏதோ ஒன்று இயந்திரத்துக்குள் இருந்து ஊதியது. பின்னால் ஒரு கூட்டமே எழுந்து பாடவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மணி அடித்தது. நீயென்றால் உடனே போனை வெட்டியிருப்பாய். என்னால் முடியாது, வெட்டினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவேன். ஆகவே பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, உன் பாட்டுக்குச் செய்திருந்த அநியாயத்தை முழுவதும் நின்று கேட்டேன். முடிந்து, திரும்பவும் முதலில் இருந்து வந்தது.

இதற்கு முன் அந்தப் பாட்டை நான் கேட்டது உன் ஆண்டு நினைவுப் பூசைக்கு முந்திய புதன்கிழமை, கத்தோலிக்கக் கோயிலின் பின்பக்க மண்டபத்தில். பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றுபோனது. நிறுத்தியது நான்.

அதை யாரிடமாவது ஒழுங்காகச் சொல்லவேண்டும். உன் அம்மா என் போனை எடுப்பதில்லை. இவரிடம் சொன்னால் "காணும், விடும், பிள்ளையைப் பாரும்" என்கிறார். மிஞ்சியிருப்பது நீதான். மகளுக்குக் காதுக்குள் தொற்று என்று சொல்லி மருந்து தந்தார்கள். குடித்துவிட்டு இப்போது நித்திரை. நான் இரண்டு வரி எழுதுவதும், எழும்பிப் போய் அவளுடைய மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுமாக இருக்கிறேன். சிரிக்காதே. பிள்ளை பெறாமல் போனவளுக்கு இது விளங்காது.

பார், எடுத்த எடுப்பிலேயே உன்னைக் குத்திவிட்டேன். குத்தத்தான் எழுதுகிறேன் போலிருக்கிறது.

அந்தப் பாட்டு எங்கள் பெற்றோர் சின்னப் பிள்ளைகளாய் இருந்த காலத்தது. நீண்ட தலைமுடி வைத்த ஆங்கிலேயப் பெடியன்கள் பாடியது. குரோருட் பள்ளிக்கூடத்துச் சங்கீத வகுப்பில் வாத்தியார் போட்டுக் காட்டினார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் தங்கள் கோயில்களில் பாடுகிற கொஸ்பல் இசை எப்படி றொக் பாட்டுக்குள் வந்தது என்பதற்கு உதாரணம் அது. முதலில் பியானோ மட்டும். ஒருத்திக்குத் துரோகம் செய்துவிட்டு விடியற்காலை அவள் வாசலில் வந்து நிற்கிறவனின் கதை. இரண்டு பந்தி தனியே கெஞ்சுவான். மூன்றாவது பந்தியில் ஓகன் வாத்தியம் எழும்பும். பின்னால் ஒரு கோயில் கூட்டமே சேர்ந்து அவனுக்காக மன்றாடும். வகுப்பில் மற்றவர்கள் மேசைக்குக் கீழே போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். நீ வாயைத் திறந்தபடி இருந்தாய்.

"தனியக் கேட்டா அவள் கதவு திறக்கமாட்டாள் எண்டு தெரியும். அதுதான் ஊர்ச்சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்," என்றாய், வெளியே வந்ததும்.

"திறந்தவளோ?"

"பாட்டிலை சொல்லேல்லை. நானெண்டாத் திறக்கமாட்டன். ஆனா உள்ளுக்கை இருந்து முழுப் பாட்டையும் கேப்பன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்கு வேலை அதுதான். குரோருட்டில் சுரங்க ரயில் ஏறினால் அடுத்த ஸ்ரேஷன் ரொம்சோஸ்; ஏறி இருக்க முன் இறங்கவேண்டும். ஆகவே நாங்கள் ரொம்சோஸில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் மேடையிலேயே இருந்தோம். மலையைக் குடைந்து கட்டிய ஸ்ரேஷன், வெறும் பாறைச்சுவர், வெளியை விட வெக்கை. ஒரு காதுக்குழாய் உனக்கு, ஒன்று எனக்கு. அந்தப் பாட்டை உலகத்தில் யார் யார் திரும்பப் பாடியிருக்கிறார்களோ அவர்கள் எல்லோரையும் தேடிப் பிடித்தாய். கிற்றாரோடு முணுமுணுத்த ஒரு நோர்வேக்காரி. ரீவி போட்டியில் கண்ணீர் விட்டுப் பாடிய ஒரு பெடியன். சின்னப் பிள்ளைகளின் குழு ஒன்று. கல்யாண ஹோல்களுக்காக மேளம் வைத்து அடித்த ஒன்று. நிஜமாகவே ஒரு கறுப்பினத்தவர் கோயில் குழு பாடியது; அதைக் கேட்டபோது நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய்.

மற்றவர்களுக்கு நீ கொடுத்த தீர்ப்புகள் எல்லாம் இரக்கமில்லாதவை. அந்த ரீவிப் பெடியன் ஒரு சொல்லை ஏழெட்டு வளைவு வளைத்துக் கொண்டுபோனபோது குழாயைக் கழற்றிவிட்டாய். "பாட்டைப் பாடச் சொன்னா தன்னையெல்லோ பாடுறான்." பிறகு எழுந்து நின்று, பாறையைப் பார்த்து, அதே வரியை வளைக்காமல் பாடினாய். எதிர்மேடையில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டு கேட்டார். ரயில் வந்து போனது. அவர் ஏறவில்லை.

இதையெல்லாம் நான் இனிப்பாகச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் நீ பாடினதைச் சொல்லாமல், நீ பாடாமல் விட்டதை எப்படிச் சொல்வது?

ஸ்ரெல்லா அன்ரியின் கோயில் பாடகர் குழுவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் நீதான். நான் திருநீறு பூசுகிற வீட்டுப் பிள்ளை. வாசலில் தயங்கி நின்றேன். "சைவமெண்டா என்ன பிள்ளை, தொண்டைக்குச் சமயமில்லை, வா," என்றார் அன்ரி. அந்த மனுசியை எனக்கு அன்றைக்குப் பிடித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தக் குழு பாட்டுக் கட்டுகிற விதம் உனக்குத் தெரியும். யாரிடமும் இசைக்குறிப்பு இல்லை. யாராவது ஒரு மெட்டைக் கொண்டுவருவார்கள். அது பழைய சினிமாவாக இருக்கும், நோர்வேக்காரரின் நத்தார்ப் பாட்டாக இருக்கும், எங்கேயோ கேட்ட மலையாளப் பாட்டாகவும் இருக்கும். அன்ரி தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அதற்கு மேலே தமிழ்ச் சொல் வைப்பார். "கருணை", "சரணம்", "தாயே" மூன்றும் இருந்தால் மாதா பாட்டு. "அப்பம்", "இரசம்" இருந்தால், நீங்கள் நன்மை என்கிற அந்த அப்பத்தை வரிசையில் போய் எடுக்கிற நேரத்துப் பாட்டு. மெட்டைக் கேட்டால் மனம் உருகவேண்டும். மற்றபடி அது எங்கே பிறந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நீ உன் பாட்டைக் கொண்டுபோனாய். ஒளிக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன். "அன்ரி, இது பக்திப் பாட்டில்லை. ஒருத்தன் பிழை விட்டிட்டு வந்து ஒரு பொம்பிளையிட்டை மன்னிப்புக் கேக்கிற பாட்டு," என்றாய். அன்ரி கண்ணை மூடி மூன்றாவது பந்தி வரை கேட்டார். அந்தக் கூட்டுக்குரல் எழும்பியதும் சிலுவை போட்டுக்கொண்டார். "இவ்வளவு சனம் சேந்து மன்றாடுது. இது பக்தி இல்லாமல் வேறை என்ன? எங்கை பிறந்தா என்ன பிள்ளை, ஆண்டவருக்குப் பாடினா ஆண்டவர் பாட்டு." அந்தக் கிழமையே சொல் எழுதிவிட்டார்.

முதல் ஞாயிறு நீ அதைப் பாடியபோது நன்மை எடுக்க எழும்பின சனம் வரிசையில் நகர மறந்து நின்றது. பாதர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தார். உன் அம்மா மூன்றாவது வரிசை வாங்கில் இருந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை, மடியிலிருந்த கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த ஒருவரின் அடக்கம் அது.

பிறகு அந்த ஞானஸ்நானப் பார்ட்டி. சனிக்கிழமை, ஹோல், புரியாணி, பாட்டுப் போடுகிற பெடியன். சோடி சோடியாக ஆட ஒரு மெதுவான பாட்டைப் போட்டான். மேளம் வைத்து அடித்த அந்த வடிவம். நீயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். கோயில் பங்குச் சபையில் இருந்த அந்த அங்கிள் கோட்டைக் கழற்றிவிட்டு, மனைவியின் தோளில் நாடியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். நல்ல ஆட்டம் தான்.

அடுத்த நாள் பூசையில் நீ பாடத் தொடங்குகிறாய். அங்கிள் நன்மைக்கு வரிசையில் வருகிறார், கை கூப்பியபடி. பின்னால் அவருடைய மனைவி. கோயிலில் ரகசியம் பேசத் தெரியாத மனுசி. "இஞ்சை பாருங்கோப்பா, நேற்று நீங்கள் என்னோடை ஆடின பாட்டு." நான்கு வாங்குக்குக் கேட்டது. முதலில் ஒரு பெடியன் மூக்கால் சிரித்தான். பிறகு வாங்கு வாங்காய்ப் பரவியது. அங்கிளின் காது சிவந்ததை நான் மேலே, பாடகர் மேடையில் இருந்து பார்த்தேன்.

ஒரு மனிதன் தன்னைப் பார்த்துச் சனம் சிரித்ததைத் தாங்கமாட்டாமல் செய்த வேலை அது. அவ்வளவுதான். பாதருக்கு அதில் பிரச்சினை இருக்கவில்லை, சிரித்ததாகத்தான் சொன்னார்கள். ஆனால் அங்கிள் சபையில் எழும்பி நின்று, கோயிலுக்குள் நடனப் பாட்டு வந்துவிட்டது, இளம் பெட்டையள் கெடுக்கிறார்கள் என்றார். யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள். ஸ்ரெல்லா அன்ரி சொன்னாராம்: "எனக்கென்ன தெரியும் இங்கிலிஷ் பாட்டைப் பற்றி? பிள்ளை பக்திப் பாட்டெண்டு சொல்லித்தான் தந்தது. நான் நம்பிட்டன்."

அன்றைக்கு உன்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூப்பிட்டு, கையைப் பிடித்து, "கொஞ்ச நாளைக்கு நிண்டு வா பிள்ளை. சனத்தின்ரை வாய் அடங்கட்டும்," என்றார். சனத்தின் வாய் அடுத்த மாதமே வேறு கதைக்குப் போய்விட்டது. உன்னைத் திரும்ப ஒருவரும் கூப்பிடவில்லை.

ஸ்ரேஷனில் நீ சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "அந்தப் பெடியன்கள் அந்தக் குரலைக் கோயிலிலை இருந்துதானே எடுத்தவங்கள். கோயிலின்ரை சாமானைக் கோயிலுக்குத் திருப்பிக் குடுத்தது ஒரு குற்றமே?" இதைப் போய் அவர்களிடம் சொல் என்றேன். நான் வருகிறேன், அன்ரிக்குத் தெரிந்துதான் செய்தார் என்று நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். கத்தினேன், பாறை முழுக்கக் கேட்க.

"விடடி. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டா வேறை என்ன கிடக்கு?"

அது உண்மை. கிழமை முழுக்கப் பின்னேரங்களில் கந்தோர்களைத் துடைக்கிற மனுசி. கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு நாட்டில். ஞாயிற்றுக்கிழமை அந்த வாங்கும், பூசை முடிந்து மண்டபத்தில் அந்தப் பெண்களோடு குடிக்கிற தேத்தண்ணியும்தான் அவருடைய ஊர். அங்கே தன் பிள்ளையை அவமானப்படுத்தினார்கள் என்று தெரிந்தால் திரும்பப் போகமாட்டார். ஆகவே நீ வீட்டில் போய், "எனக்கு இனிப் பாட விருப்பமில்லை, படிக்கோணும்," என்றாய். என்னிடம் சத்தியம் வாங்கினாய்.

நீ ஒரு குழுவை விட்டாய் என்றுதான் நினைத்தேன். பாட்டையே விட்டுவிட்டாய் என்று தெரிய வருடங்கள் எடுத்தது. என் கல்யாணத்தில் எல்லோரும் கைதட்டி மைக்கை உன்னிடம் தள்ளினார்கள். தொண்டை கட்டியிருக்கு என்றாய். சமைக்கும்போதுகூட முணுமுணுப்பதை விட்டாய். உன் அம்மா உன்னைப் பேசுவதை எத்தனை தரம் நான் குசினியில் நின்று கேட்டிருப்பேன். "ஆண்டவர் தந்த குரலைப் பூட்டி வைச்சிருக்கிறாய். நோர்வேக்காரியாப் போட்டாய். கோயில் இப்ப உனக்கு நாறுது, என்ன?" நீ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். எனக்கு அந்தக் கண்ணடிப்பின் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வயிற்றுவலியையும் அப்படித்தான் ஒளித்து வைத்திருந்தாய். நான் மருந்தியல் படித்து மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வயிற்றெரிவுக்குக் குளிசை வேண்டுமென்றால் என்னிடம்தான் வந்திருக்கவேண்டும். வந்தால் எத்தனை நாளாய் என்று கேட்பேன், வைத்தியரிடம் போ என்பேன் என்று உனக்குத் தெரியும். நீ ரயிலில் வேறு இடத்துக்குப் போய் வேறு மருந்துக்கடையில் வாங்கினாய். நீ போன பிறகு உன் மேசை லாச்சியை இழுத்தபோது வெறும் பெட்டிகள் அடுக்காய் இருந்ததை உன் அம்மா காட்டினார். எங்கள் கடைப் பை ஒன்றுகூட அதில் இல்லை. கடைசியில் நீ வாய் திறந்தபோது வைத்தியர்கள் உன்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக் கதைத்தார்கள். நான் அப்போது கர்ப்பம். "இவளுக்கு நான்தான் பாட்டுச் சொல்லிக் குடுப்பன்," என்று என் வயிற்றில் கையை வைத்தாய். அதுவும் பொய்.

இனி அந்தப் புதன்கிழமை.

ஆண்டு நினைவுப் பூசைக்கு முன் ஸ்ரெல்லா அன்ரியின் குரல்செய்தி வந்தது. "பிள்ளை, அவளின்ரை பாட்டைத்தான் நன்மை நேரத்துக்குப் பாடுறம். தமிழிலைதான். வீடியோவும் எடுக்கிறம், கனடாச் சனமும் பாக்கட்டும். நீ இல்லாமல் எப்பிடி?" அதே பாட்டு. அதே சொல். அந்த அங்கிள் இப்போது சபையில் இல்லை, முழங்கால் சத்திரசிகிச்சை. போனை மேசையில் குப்புற வைத்துவிட்டேன். பதில் போடக்கூடாது என்று இருந்தேன். ஆனால் பின்னேரம் உன் அம்மா அழைத்தார். "வந்து பாடு பிள்ளை. நீயும் அவளும் சேந்து பாடினதெல்லோ. எனக்கு ஒருக்காக் கேக்கோணும்." அந்த மனுசி ஒரு வருடமாக என்னிடம் எதையும் கேட்டதில்லை.

பாடுவதென்றுதான் போனேன். நம்பு. மகளை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு, பனி உருகின சேற்றுக்குள்ளால். மண்டபத்தில் கீபோட், கதிரைகள், பழைய முகங்கள், நான் அறியாத இளம் பெட்டைகள் மூன்றுபேர். உன் அம்மா மூலையில் போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். ஸ்ரெல்லா அன்ரி மெலிந்துபோயிருந்தார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நடிப்பில்லை. அதுதான் எனக்குச் சகிக்க முடியாமல் இருந்தது: அந்தக் கண்ணீர் உண்மை.

முதல் பந்தி போனது. சும்மா சொல்லக்கூடாது, உன் இடத்தில் பாடிய இளம் பெட்டைக்கு நல்ல குரல். வளைத்தாள்தான். இரண்டாவது பந்தியில் பின்னால் ஒரு சத்தம். மகள் மடக்குக் கதிரைக்குள் விரலை விட்டுவிட்டாள்.

அழுகை வருமுன் பிள்ளைகளுக்கு ஒரு இடைவெளி வரும். வாய் அகலத் திறந்திருக்கும், சத்தம் வராது, முகம் நீலம் பாயும். அந்த நேரத்தில் நான் ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைக்கிறேன். ஓடிப்போய் விரலை எடுத்தேன். அதற்குள் எல்லா அன்ரிமாரும் சுற்றி வந்துவிட்டார்கள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. நல்ல பிள்ளையெல்லோ. நல்ல பிள்ளையள் அழமாட்டினம். சத்தம் போடக்கூடாது, கோயிலெல்லோ." சிவந்து வீங்கிய விரல் என் கைக்குள். ஒன்றுமில்லையாம்.

"அழு," என்றேன். "நல்லாக் கத்து." கத்தினாள். மூன்று இளம் பெட்டைகளும் காதைப் பொத்தினார்கள். அன்ரிமார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அவள் அடங்கியதும் அன்ரி வீடியோவுக்கு முகவுரை சொல்லத் தொடங்கினார். ஒரு பெட்டை போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்தப் பாட்டு எங்கட பிள்ளை எங்களுக்குத் தந்திட்டுப் போன பரிசு. எங்கட குழுவிலைதான் அவள் வளந்தவள். இந்தப் பாட்டாலைதான் அவள் கடைசிவரைக்கும் கோயிலோடை ஒட்டியிருந்தவள்." சொல்லிவிட்டுக் கையைக் காட்டினார், கீபோட் எழும்பியது, பெட்டைகள் மூன்றாவது பந்தியைப் பிடித்தார்கள்.

"நிப்பாட்டுங்கோ," என்றேன்.

நிறுத்தினார்கள்.

"அன்ரி, இந்தப் பாட்டாலைதான் நீங்கள் அவளை நிப்பாட்டினீங்கள்."

"ஆர் நிப்பாட்டினது? கொஞ்ச நாளைக்கு நிண்டு வா எண்டனான்."

"திரும்ப வா எண்டு எப்ப சொன்னனீங்கள்?"

"பிள்ளை, அது அந்தக் காலம். சபை என்னைப் போட்டு நெருக்கினது. நான் தனிப் பொம்பிளை, என்ன செய்ய?"

"அது பக்திப் பாட்டில்லை எண்டு அவள் உங்களுக்குச் சொன்னவள். நான் பக்கத்திலை நிண்டனான். சபையிலை போய் உங்களை ஏமாத்திப் போட்டாள் எண்டு சொன்னீங்கள்."

போன் பிடித்திருந்த பெட்டைக்கு அதை இறக்கவும் தோன்றவில்லை. என் நெஞ்சு அடித்த அடியில் தோளில் கிடந்த மகள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். சொல்லிவிட்டேன் என்று ஒரு சந்தோசம் வந்தது. மறைக்க மாட்டேன், வந்தது. அந்தச் சந்தோசத்தோடு மூலைப்பக்கம் திரும்பினேன்.

உன் அம்மா தேத்தண்ணிப் போத்தலை மூடிக்கொண்டிருந்தார். மூடி பிடிக்கவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேசையில் வைத்தார்.

"அவள் தானா விடேல்லையோ?" என்றார்.

"இல்லை அன்ரி."

"நான் அவளைப் பேசினனானே. பத்து வருசமா. நோர்வேக்காரி எண்டு. ஆஸ்பத்திரியிலையும், ஆண்டவரின்ரை குரலைப் பூட்டி வைச்சதுக்குத்தான் இந்த வருத்தம் எண்டு ஒருநாள் வாய் விட்டிட்டன். அவள் சிரிச்சுக்கொண்டு படுத்திருந்தவள்."

அது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை.

"நீ ஏன் எனக்கு இதை இப்ப சொன்னனீ?" ஸ்ரெல்லா அன்ரியைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்துக் கேட்டார். "அவள் இருக்கேக்கை சொல்லியிருக்கலாம். இல்லாட்டி நான் செத்தாப் பிறகு சொல்லியிருக்கலாம். இனி நான் ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறது?"

கோட்டைப் போட்டுக்கொண்டு, போத்தலை எடுக்காமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உன் பாட்டைப் பாடவில்லை. வழக்கமாகப் பாடுகிற ஒன்றைப் பாடினார்கள், ஒருவரும் வரிசையில் நகர மறக்கவில்லை. ஸ்ரெல்லா அன்ரி குழுவில் இல்லை, பின்வாங்கில், முக்காட்டோடு. உன் அம்மா வந்திருந்தார். அவர் வராமல் விடுவார் என்றுதான் நீ எல்லாவற்றையும் விழுங்கினாய். வந்திருந்தார், மூன்றாவது வாங்கில், தனியே, இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல். பூசை முடிந்து வெளியே வரும்போது வண்டிலுக்குக் குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டார். விரலைத் தூக்கிப் பார்த்தார், வீக்கம் வற்றியிருந்தது. என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

நான் செய்தது பிழையென்று நீ சொல்வாய். சத்தியம் வாங்கினாய், முறித்தேன். உன் அம்மாவுக்கு நீ விட்டுப்போன ஒரே ஒரு சாமான் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது. அதை நான் பிடுங்கினேன். ஓம். ஆனால் மன்னிப்புக் கேட்கமாட்டேன். உன்னிடமும் கேட்கமாட்டேன். வலிக்கிறபோது சிரித்துக்கொண்டு கிடக்கிற பிள்ளையாய் என் மகள் வளரக்கூடாது என்று எனக்குப் பயம். எனக்கு இருக்கிற நூறு பயத்தில் இது ஒன்றுதான் உன்னால் வந்தது. ஒவ்வொரு வியாழனும் உன் அம்மாவுக்கு அழைக்கிறேன். மணி அடித்து அடித்து நிற்கும். அடுத்த வியாழனும் அழைப்பேன். கத்தட்டும், பேசட்டும். வாய் திறந்து என்னை ஏசட்டும்.

உன்னிடம் இருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இவர் ஒருநாள் கேட்டார். மகளைக் குளிப்பாட்டிக்கொண்டு உன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். எட்டிப்பார்த்து, "என்னப்பா, மந்திரம் சொல்லுறீரோ?" என்றார். அவருக்கு அது பாட்டாகக் கேட்கவில்லை. கேட்காதுதான். மேல்குரல் எப்போதும் உன்னுடையது. எனக்கு நீ பழக்கித் தந்தது கீழ்க்குரல் மட்டும். ஏறாது, இறங்காது, ஓரிடத்தில் நின்று மற்றதைத் தாங்குகிற குரல். தாங்க ஒன்றும் இல்லாதபோது அது வெறும் முனகல். மூன்றாவது பந்தியில், அந்தக் கூட்டம் எழும்ப முன், நான் வாயை மூடிக்கொண்டு உன்னைத் தனியே பாட விடவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இப்போதும் அந்த இடத்தில் வாயை மூடுகிறேன். மகள் நுரையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்ப்பாள். அத்தனை பேர் திரும்பப் பாடியிருக்கிறார்கள், யாரிடமிருந்தாவது உன் வரியைக் கேட்டுப் பாடம் பண்ணி நானே பாடிவிடலாம். பாடுவதில்லை. உன் நேரம் முடியும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்; பிறகு என் இடத்தில் சேருகிறேன்.